அடுக்குமாடியும் அனுமதியும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பது கட்டுவதினும் கடினம் என்பதை அப்பழமொழி சொல்லாமல் விட்டது. வீடு பழையதாக இருந்தால் கடினம் ஒரு மடங்கு. அதில் பல குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழ்ந்தால் இரு மடங்கு. "இக்கட்டடம் நாட்டின் செல்வம், எம்மைக் கேளாமல் இதன்மேல் கை வைக்காதே" என்று அரசு தன் பட்டியலில் எழுதிவைத்திருந்தால் மும்மடங்கு. அத்தகைய கட்டடத்தைச் செப்பனிட யாரிடம் அனுமதி பெற வேண்டும்? அனுமதி தருவோர் எவற்றை ஆராய்வர்? அனுமதி கிடைத்தபின் அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆவர்? இம்மூன்று வினாக்களையும் எடுத்துக்கொண்டு என்னால் இயன்றவரை விளக்க முற்படுகின்றேன்.

நான் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையைச் சேர்ந்தவன். தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் என்றால் பலருக்கும் நினைவு வரும். எங்கள் ஊரில் வானளாவிய குடியிருப்புகள் இல்லை. ஆயின் அடுக்குமாடி என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுமை என்று நான் ஒப்பமாட்டேன். எங்களுக்கு வடகிழக்கே உள்ள செஞ்சிக் கோட்டைக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்யாண மகாலைக் கண்டிருப்பார்கள். சதுரமான முற்றம், அதனைச் சுற்றி அறைகள், நடுவே அடுக்கின்மேல் அடுக்காக உயர்ந்து கூர்ங்கூரையோடு முடியும் மாடம். ஒவ்வோர் அடுக்கிலும் நடுவே ஒரு சிற்றறையும், அதைச் சூழ்ந்து வளைவுத் தாழ்வாரமும் உண்டு. மேல் அடுக்குகளுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அரண்மனை மகளிர் வாழ்ந்த இடம் என்று அதனைச் சொல்வர். மின்தூக்கியும் சிமெண்டும் இல்லாத காலத்தில் உயர எழும்பிய குடியிருப்பு அது. இன்று அதில் குடியிருப்பார் எவரும் இலர். ஆதலால் அதைப் பேணுவோர்க்குக் கல்லையும் சுண்ணத்தையும் பற்றிய கவலை ஒன்றே உண்டு. மக்கள் குடியிருக்கும் பழங்கட்டடத்திலோ கவலைகள் பல.

முதலில் பட்டியல் என்பது யாது என்று பார்ப்போம். ஒரு நாடு தன் கட்டடங்களுள் வரலாற்றாலோ, கலைநலத்தாலோ, கட்டிய திறத்தாலோ சிறந்தவற்றைத் தேர்ந்து பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டச் சட்டத்தை ஒட்டி இப்பணி முறையாக நடைபெறலாயிற்று. அங்கே பட்டியலுக்கு மூன்று படிகள் உண்டு. முதற்படி மிக அரியவற்றுக்கு. இரண்டாம் படி சிறப்புடையவற்றுக்கு. இவ்விரண்டுக்கும் இடையே உடுக்குறியிட்ட இரண்டாம் படி ஒன்று. பட்டியலில் ஏறிவிட்டால் உரிமையாளர் தம் வீடுதானே என்று சன்னலை மாற்றுவதற்கும் வழியில்லை. ஊராட்சிக்கு விண்ணப்பித்து இரண்டு அனுமதிகள் பெற வேண்டும். எல்லாக் கட்டடங்களுக்கும் உரிய திட்ட அனுமதி ஒன்று. பட்டியற் கட்டடத்துக்கென உள்ள தனி இசைவு மற்றொன்று. இசைவின்றி மாற்றுவது அந்நாட்டில் குற்றம்.

பழைய கோட்டைகளும் தேவாலயங்களும் மட்டுமே பட்டியலில் இருக்கும் என்று எண்ண வேண்டா. இலண்டன் நகரின் கிழக்கே பாப்லர் என்னும் பகுதியில் பால்ஃபிரான் டவர் என்றொரு கட்டடம் நிற்கிறது. உழைப்பாளர் குடும்பங்களுக்காக அரசினர் 1965 முதல் 1967 வரையில் கட்டியது. இருபத்தாறு மாடி, 146 வீடுகள், பூச்சின்றி விட்ட கற்காரைச் சுவர்கள். அதனை வகுத்தவர் புடாபெஸ்டில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த எர்னோ கோல்ட்ஃபிங்கர் என்னும் கட்டடக் கலைஞர். மின்தூக்கிகளின் இரைச்சல் வீடுகளுக்குள் புகாதிருக்க அவற்றைத் தனிக் கோபுரம் ஒன்றில் வைத்தார். மூன்று மாடிக்கு ஒன்றாக மூடிய பாலங்கள் அமைத்து அக்கோபுரத்தை வீடுகளோடு இணைத்தார். கட்டி முடிந்தபின் 1968-இல் தம் மனைவியோடு அங்கேயே மேல்மாடியில் இரண்டு மாதம் வாடகைக்குக் குடியிருந்தார். அண்டை வீட்டாரை விருந்துக்கு அழைத்து, எது நன்று, எது குறை என்று கேட்டறிந்தார். தாம் சமைத்ததைத் தாமே உண்டு பார்க்கும் சமையற்காரர் போன்றவர் அவர். கட்டடம் வகுப்போர் யாவரும் மேற்கொள்ளத்தக்க வழக்கம் அது.

ஏழைகளுக்காகக் கட்டிய இந்தக் கற்காரைக் கோபுரத்தை 1996-இல் பட்டியலின் இரண்டாம் படியில் சேர்த்தார்கள். கட்டி முப்பது ஆண்டுகூட முற்றாக நிறைவேறவில்லை. பின்னர் 2015-இல் உடுக்குறியிட்ட படிக்கு உயர்த்தினார்கள். இதற்கிடையே கட்டடம் பழுதடைந்தது. கற்காரை வெடித்தது, குழாய்கள் மூப்படைந்தன, குளிர் உள்ளே புகுந்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் குடியிருந்தோரிடம் வாக்கெடுத்தார்கள். அதன்படி 2007-இல் நகராட்சியிடமிருந்து வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் கைக்குக் கட்டடம் மாறியது. பழுது பார்த்துத் தருவதே அம்மாற்றத்தின் நோக்கம். பின்னர்ச் செலவு பெரிதாகும் என்பது தெரிந்தது. பணி நடக்கும்போது குடியிருப்போர் வெளியேற வேண்டும் என்று 2010-இல் தெரிவித்தார்கள். மீண்டும் வருவதற்கு உறுதி எதுவும் தரவில்லை. முடிவில் புதுப்பித்த வீடுகள் யாவும் தனியார் சந்தைக்கே சென்றன. அவற்றை விற்றுக் கிடைக்கும் பணத்தால் சுற்றியுள்ள மற்ற ஏழைக் குடியிருப்புகளைச் சீர்செய்யலாம் என்பது சங்கத்தாரின் வாதம். அதில் நியாயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாருக்காக அக்கோபுரம் எழுந்ததோ அவர்களுக்கு அதில் இடமில்லாமற் போயிற்று.

டவர் ஹாம்லெட்ஸ் என்னும் நகராட்சி மன்றம் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இப்பணிக்கு அனுமதி வழங்கியது. அப்போது எழுந்த வழக்காடல் எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? சன்னல்களைப் பற்றியது. கோல்ட்ஃபிங்கர் வைத்தவை வெள்ளை வண்ணம் பூசிய மரச்சட்டங்கள். அவற்றை நீக்கி அலுமினியச் சட்டங்கள் வைக்க விண்ணப்பம் கேட்டது. இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களைக் காக்கும் சங்கத்தார் அதனை எதிர்த்தார்கள். மெல்லிய வெள்ளைக் கோடுகள் போய்க் கருமை கலந்த தடித்த கோடுகள் வந்தால் கட்டடத்தின் முகமே மாறிவிடும் என்றார்கள். குளிரும் இரைச்சலும் தடுக்கும் சன்னல் இன்றைய வாழ்வுக்கு இன்றியமையாதது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அலுமினியமே வென்றது. சன்னற் சட்டத்தின் நிறமும் பருமனும் சட்டப்படி ஆராயத்தக்கவை. அதனால் அவற்றைப் பற்றித் தாள் தாளாக எழுதினார்கள். வெளியேறிய குடும்பம் மீண்டும் வருமா என்னும் வினாவோ பட்டியற் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. அச்சட்டம் கட்டடத்தைப் பதிவு செய்கிறது. குடியிருப்பவரைப் பதிவு செய்வதில்லை. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பிறகு நம் ஊருக்கு வரும்போது இது பயன்படும்.

அவ்வாறாயின் அனுமதி என்பதே வெறுஞ் சடங்குதானோ என்று சிலர் கேட்கலாம். அன்று. அனுமதி வேண்டும் என்னும் விதியால்தான் விண்ணப்பம் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. வரைபடத்தை யாரும் பார்க்கலாம். மறுப்பை எழுதித் தரலாம். மன்றத்தார் காரணம் காட்டி முடிவு செய்ய வேண்டும். அந்த விதி இல்லாதிருந்தால் ஒரு நாட் காலையில் சாரம் கட்டியபின்னரே ஊரார்க்குச் செய்தி தெரிந்திருக்கும். விதி போதாது என்பது வேறு. விதி வேண்டாம் என்பது வேறு.

வேறு வகையில் செய்து பார்த்த ஊரும் உண்டு. ஷெஃபீல்டு நகரில் ஒரு குன்றின்மேல் பார்க் ஹில் என்னும் பெருங்குடியிருப்பு இருக்கிறது. 1957 முதல் 1961 வரையில் எழுந்தது. ஆயிரத்துக்கு ஐந்து குறைந்த வீடுகள் உடையது. பால் வண்டி செல்லும் அளவுக்கு அகன்ற நடைபாதைகளை மூன்று மாடிக்கு ஒன்றாக அமைத்து, அவற்றை வானத்துத் தெருக்கள் என்று அழைத்தார்கள். 1998-இல் அது பட்டியலில் ஏறியது. புதுப்பித்தபோது கற்காரைச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இடையிலிருந்த செங்கற் சுவர்களை எடுத்துவிட்டு வண்ண அலுமினியப் பலகைகள் பொருத்த இசைந்தார்கள். எலும்பு பழையது, தோல் புதியது என்னும் நிலை. அதன் முதற்பகுதி 2013-இல் அந்நாட்டின் உயரிய கட்டடக் கலைப் பரிசுக்குரிய இறுதித் தேர்வில் இடம்பெற்றது. வீடுகளுள் ஒரு பங்கினைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினார்கள். அது போதாது என்று குறை சொல்வார் இன்றும் உளர். எனினும் கொஞ்சமேனும் ஒதுக்க முடியும் என்பதை அது காட்டியது.

அழகையும் வரலாற்றையும் பற்றிப் பேசும்போது உயிரைப் பற்றி மறத்தலாகாது. இலண்டனில் கிரென்ஃபெல் டவர் என்னும் இருபத்துநான்கு மாடிக் குடியிருப்பு 2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் தீப்பற்றி எரிந்தது. எழுபத்திரண்டு பேர் மாண்டனர். அது பட்டியலில் சேர்ந்த கட்டடம் அன்று. ஆயினும் 2016-இல்தான் முறைப்படி அனுமதி பெற்றுப் புதுப்பித்திருந்தார்கள். குளிர் தாங்கவும் தோற்றம் சிறக்கவும் வெளிச்சுவரின்மேல் பலகைகள் போர்த்தினார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே எரியக்கூடிய பிளாஸ்டிக் வைத்த பலகைகள் அவை. தீ சுவரில் ஏறி விரைந்து பரவ அவையே முதற்காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. அதன் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பலகை எந்நிறம் என்று ஒருவர் பார்த்தார்; எப்படிக் கட்டுவது என்று இன்னொருவர் பார்த்தார்; அது எரியுமா என்று தம் பொறுப்பாகக் கேட்டவர் இலர். குடியிருந்தோர் முன்னரே அச்சம் தெரிவித்திருந்தார்கள். அவர்கள் சொல் ஏறவில்லை. ஆகவே அனுமதி அளிப்போர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று என்பேன். கட்டடத்தின் சிறப்புக்கு ஊறு வருமா? உள்ளே வாழ்வோர் உயிருக்கு ஊறு வருமா? வாழ்வோர் அங்கேயே தொடர்ந்து வாழ முடியுமா? இம்மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஆராயும்போதுதான் அனுமதிக்கு முழுப் பொருள் உண்டாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய நகரங்களுள் மரபுக் கட்டடங்களுக்கென ஒழுங்குவிதிகளை முதலில் வகுத்தது மும்பை, ஆண்டு 1995. அங்கும் படிகள் உண்டு. முதற்படிக் கட்டடத்தில் அதனை வலுப்படுத்தத் தேவையான பணியன்றி வேறெதுவும் கூடாது. இரண்டாம் படியில் உள்ளே மாற்றம் செய்யலாம்; வெளித் தோற்றத்தைக் காக்க வேண்டும். மூன்றாம் படியில் தாராளம் சற்று மிகுதி. விண்ணப்பங்களை ஆராய மரபுக் கட்டடக் குழு ஒன்றும் உண்டு. மும்பையின் ஓவல் திடலை ஒட்டியும் கடற்கரைச் சாலையிலும் 1930-களில் எழுந்த மாடிக் குடியிருப்புகளும், எதிரே நிற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொதுக் கட்டடங்களும் சேர்ந்து 2018-இல் உலக மரபுச் செல்வமாயின. உலகப் பட்டியலில் உள்ள அந்தக் குடியிருப்புகளில் இன்றும் மக்கள் சமைக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

அதே மும்பையில் வேறொரு காட்சியும் உண்டு. எஸ்பிளனேடு மாளிகை என்று இப்போது வழங்கும் கட்டடம் ஒரு காலத்தில் வாட்சன் ஓட்டலாக இருந்தது. 1867 முதல் 1869 வரையில் எழுந்தது. வார்ப்பிரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். 1896 ஜூலை 7-ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்களை இந்தியாவில் முதன்முதலாகக் காட்டியது அங்கேதான். பிற்காலத்தில் ஓட்டல் மூடிற்று. அறைகளைத் தடுத்துத் தடுத்துக் குடும்பங்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். கட்டடம் மரபுப் பட்டியலின் இரண்டாம் படியில் இருந்தது. பட்டியலில் இருந்ததே தவிரப் பழுது பார்ப்பார் இல்லை. 2005-இல் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் உயிர் போயிற்று. 2019-இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி குடியிருந்தோர் வெளியேறினர். இடித்துவிடுவதே தக்கது என்று பொறியியல் வல்லுநர் ஒரு சாரார் கூறினர். காப்பாற்ற இயலும் என்று மற்றொரு சாரார் கூறினர்.

பட்டியலில் இருந்தும் ஏன் இந்நிலை வந்தது? காரணம் ஆராய்ந்தால் பணத்தில் வந்து முடியும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய குடித்தனக்காரரின் வாடகை ஏறாமல் நின்றது. அது ஏழைக்குப் பெரிய காப்பு. ஆனால் அந்த வாடகையில் ஒரு மாடிப்படியைக்கூடச் செப்பனிட முடியாது என்பார் உரிமையாளர். நான் ஏன் பிறர் வீட்டுக்குச் செலவிட வேண்டும் என்பார் குடித்தனக்காரர். தொடாதே என்கிறது பட்டியல். மூவர் சொல்லும் நியாயமே. மூன்றுக்கும் நடுவில் உத்திரம் துருவேறிக்கொண்டிருக்கும். இச்சிக்கலை அவிழ்க்க மகாராட்டிர அரசு 1969-இல் சட்டம் இயற்றி, பழைய கட்டடங்களுக்குத் தனி வரி விதித்து, அதைக் கொண்டு பழுது பார்க்க ஒரு வாரியம் அமைத்தது. தடைவிதி மட்டும் கட்டடத்தைக் காவாது. அதனோடு நிதியும் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் சென்னை அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்சு கட்டடத்தின் கதை பலரும் அறிந்தது. 1897-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிறு கோபுரங்களும் வளைவுகளும் கொண்டது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கியபோது மரபுக் காப்பு அமைப்பாகிய இண்டாக் நீதிமன்றம் சென்றது. 2010-இல் உயர்நீதிமன்றம் இடிப்பதற்கு இடங்கொடாமல், மரபுக் கட்டடங்களை ஆராயக் குழு அமைக்கவும் பணித்தது. 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. தொல்பொருட் சின்னங்களைப் பொறுத்தவரை மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், மாநில அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன.

இவற்றுள் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் சிற்றூர் மக்களை நேரே தொடுவது. அதற்கு 2010-இல் வந்த திருத்தம் சொல்வது இது: காக்கப்படும் சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை தடைப் பகுதி, அங்கே புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை ஒழுங்குப் பகுதி. அங்கே கட்டவும் பழுது பார்க்கவும் அனுமதி பெற வேண்டும். தடைப் பகுதியில் பழைய வீட்டில் வாழ்வோர் கதி என்ன? அவ்வீடு 1992-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளுக்கு முன்பே இருந்ததானால், அல்லது பின்னர்த் தொல்லியல் துறைத் தலைவரின் இசைவோடு கட்டியதானால், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தகுதி பெற்ற அதிகாரியிடம் தர வேண்டும். அவர் பதினைந்து நாட்களுக்குள் தேசிய நினைவுச் சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதத்துக்குள் அதிகாரி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். இல்லை என்பதானால் விண்ணப்பித்தவர் சொல்வதைக் கேட்டு, எழுத்தில் சொல்ல வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ உண்டு.

செஞ்சிக் கோட்டை மத்திய அரசின் காப்பில் உள்ளது. 2025 ஜூலையில் மராட்டியரின் படைநிலக் கோட்டைகள் பன்னிரண்டும் உலக மரபுப் பட்டியலில் ஏறியபோது, மகாராட்டிரத்துப் பதினொன்றோடு தமிழ்நாட்டுச் செஞ்சியும் ஏறியது. நமக்கெல்லாம் பெருமை. கோட்டைச் சுவருக்கு அருகே வாழ்வோர்க்கு அப்பெருமையோடு கவலையும் சேரும். ஒழுகும் ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவதற்கு மனு எழுத வேண்டும், வரைபடம் வேண்டும், வீடு எந்த ஆண்டுக்கு முன் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். வீட்டுவரி இரசீது, மின் இணைப்புத் தாள், கிரயப் பத்திரம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவர் பிழைப்பார். எழுத்தறியாதவர் இடைத்தரகர் கையில் சிக்குவார். மழைக்கு முன் வேண்டிய அனுமதி மழைக்குப் பின் வந்தால் யாருக்குப் பயன்? ஆகவே சின்னங்கள் உள்ள ஊர்களில் மனுவை எழுதித்தரவும், வரைபடம் போட்டுத்தரவும் ஒருவரை அரசே அமர்த்துவது நன்று. கோட்டையைக் காக்கும் செலவில் அதுவும் ஒரு பகுதியே என்று கொள்ள வேண்டும். சுற்றி வாழ்வோர் மனம் கசந்தால் எந்தக் கோட்டைக்கும் காவல் இராது.

எங்கள் ஊருக்கு அண்மையில் ஜம்பை என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றின் குகையில் 1981-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டைக் கண்டார்கள். சங்க காலத்து அதியமான் நெடுமான் அஞ்சி அக்குகையை உறைவிடமாக ஈந்தான் என்பது அதன் செய்தி. அசோகன் கல்வெட்டுகள் குறிக்கும் சத்தியபுத்திரர் யார் என்னும் நெடுநாளைய ஐயம் அதனால் தீர்ந்தது. நான் அதிலே வேறொன்றையும் காண்கிறேன். குகையின் அழகை அக்கல்வெட்டு பேசவில்லை. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்பதையே பேசுகிறது. இருக்க இடமில்லாதவர்க்கு இருக்க ஓர் இடம் என்பதே அதன் உயிர். உறைவிடத்தின் வரலாறு அதில் உறைந்தவரையும் சேர்த்ததுதான் என்பதற்கு இதனினும் பழைய சான்று எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

நம் பேட்டைகளிலும் சிற்றூர்களிலும் உள்ள பழைய வீடுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. திண்ணையும் நடையும் முற்றமும் கொண்ட ஓட்டு வீடுகள் ஆண்டுதோறும் குறைகின்றன. 2024-ஆம் ஆண்டில் வந்த ஏற்பாட்டின்படி, இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடி வரையுள்ள மனையில் மூவாயிரத்து ஐந்நூறு சதுர அடி வரை வீடு கட்டுவோர், தாமே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம். ஏழை எளியவர்க்கு இது பேருதவி. நான் குறை சொல்லேன். ஆனால் புது வீட்டுக்கு வழி எளிதாகும்போது, பழைய வீட்டைக் காப்பதற்கும் ஒரு வழி எளிதாக வேண்டாமா? இடிப்பவருக்கு ஒரு நாள். காப்பவருக்கு ஒரு யுகம் என்றிருந்தால் காப்பவர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

அதே 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. கரையோர ஊர்கள் பட்ட பாட்டை இங்குள்ளோர் மறக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட வீடுகளின்மேல் அவசர அவசரமாகச் சிமெண்டு பூசுவது பல இடங்களில் உள்ள வழக்கம். அது மருந்தன்று. சுண்ணாம்புப் பூச்சு சுவரிலுள்ள ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளே அடைத்து வைக்கும். அடைபட்ட ஈரம் உப்பைக் கிளப்பிச் செங்கல்லை அரிக்கும். சுவர் இருந்தால்தானே சித்திரம்? பழைய சுவருக்குப் பழைய சாந்தே உறவு என்பது இலண்டனிலும் செஞ்சியிலும் மணலூர்பேட்டையிலும் மாறாத உண்மை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்களிடம் இளைஞர் சிலர் தொழில் கற்பதற்கு உதவித்தொகை தந்தால், அது பல சட்டங்கள் செய்ய இயலாத காரியத்தைச் செய்யும்.

கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். பட்டியல் என்பது ஒரு கட்டடம் எல்லார்க்கும் உரியது என்னும் அறிவிப்பு. அனுமதி என்பது அந்த உரிமையை எல்லாரும் பார்க்கும்படி கையாளுதற்கு ஏற்பட்ட முறை. அம்முறை கல்லையும் சன்னலையும் நுணுகிப் பார்க்கிறது, அது நல்லதே. தீயையும் ஈரத்தையும் பார்க்க வேண்டும், அது இன்றியமையாதது. குடியிருப்பவர் திரும்பி வருவாரா என்பதையும் பார்க்க வேண்டும். இதுவே இன்னும் பல நாடுகளில் விடுபட்டுக் கிடக்கிறது. பழைய குடியிருப்பு ஒன்றைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் உங்கள் ஊர் மன்றத்துக்கு வருமானால், வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பொருள் கொண்டு கட்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். அங்கே இப்போது யார் வாழ்கிறார்கள், பணி முடிந்தபின் யார் வாழ்வார்கள் என்றும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.